பெல்ட்டா, கேஸா, எண்ணெயா: விழித்திரை அறுவைக்கு முன் எடைபோட வேண்டியவை

விழித்திரை பிரிந்திருக்கிறது, இரண்டொரு நாளில் அறுவை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியதும் குடும்பத்தோடு வந்து உட்காரும் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் ஆலோசகர் வேலை. மருத்துவர் எடுத்த முடிவை வீட்டுப் பேச்சில் விளக்கி, செலவைச் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்களும் ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் படிவத்தைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பெல்ட்டுங்காவ, கேசுங்காவ, எண்ணெயிங்காவ. இதுல எதும்மா நல்லது?" வேலையை விட்ட பிறகும் தெரிந்தவர்கள் தொலைபேசியில் இதையே கேட்பதால், அந்த மேசையில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ், வயது ஏற ஏற நீர்த்துச் சுருங்குகிறது. அது சுருங்கும்போது படலத்தை இழுத்துக் கிழித்துவிட்டால், கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்து, ஓதம் ஏறிய சுவரில் பூச்சு உப்பி உரிவதைப் போலப் படலத்தைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். ஒளியை உணரும் செல்களுக்குச் சத்து வருவது பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்துதான் என்பதால், பிரிந்த பகுதி அன்றிலிருந்தே பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. கிழிசலை அடைத்தால்தான் படலம் ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் 1920-களில் நிறுவும்வரை, இந்த நோய் வந்த கண் அநேகமாகப் போன கண்தான். இன்று செய்யப்படும் அறுவைகள் எல்லாமே அவர் சொன்னதையே செய்கின்றன. கிழிசலைச் சுற்றி லேசரோ உறைகுளிரோ வைத்துத் தழும்பு உண்டாக்குகிறார்கள். அந்தத் தழும்பு இறுகும்வரை படலத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருப்பது எது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. வெளியிலிருந்து அழுத்தும் பெல்ட், உள்ளிருந்து தாங்கும் வாயு, உள்ளிருந்து தாங்கும் சிலிக்கான் எண்ணெய் என மூன்று தாங்கல்கள். ஒவ்வொன்றும் கண்ணுக்கு வேறொரு விதமான பாரத்தை ஏற்றிவைக்கிறது.

இங்கே பேசுவது கிழிசலால் வரும் விழித்திரைப் பிரிவைப் பற்றி மட்டும். சர்க்கரை நோயால் வரும் இரத்தக் கசிவுக்கும் இழுப்புக்கும் செய்யும் அறுவையின் கணக்கு வேறு.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, ஒட்டுவதும் தெரிவதும் ஒன்றல்ல. "ஆபரேஷன் சக்சஸ்" என்று மருத்துவர் சொன்னால் படலம் ஒட்டிவிட்டது என்று பொருள். பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைப் பெரும்பாலும் அறுவையின் வகை முடிவு செய்வதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா, அறுவைக்கு முன்பே பிரிந்துவிட்டதா, பிரிந்து எத்தனை நாளாயிற்று என்பதுதான் முடிவு செய்கிறது. மாக்குலா இன்னும் ஒட்டியிருந்தால் ஒரு நாளுக்குள் அறுவை செய்யப் பார்ப்பார்கள். பிரிந்துவிட்டிருந்தால் சில நாட்களுக்குள், ஒரு வாரத்தைத் தாண்டாமல் செய்வது நல்லது. இந்தப் பக்கத்தில் நேரம் வீணாவதற்கு மருத்துவமனை தூரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இலேயே திருநெல்வேலியில் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது, மின்னல் வெட்டுகிறது, ஓரத்தில் திரை விழுகிறது என்று தெரிந்த பிறகும், மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு பத்து நாள் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது.

இரண்டாவது, பார்வையின் தரம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார் என்பது மட்டும் அளவுகோல் அல்ல. சன்னல் கம்பி வளைந்து தெரிகிறதா, இரண்டு கண்ணிலும் உருவத்தின் அளவு ஒன்றாக இருக்கிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, கண்ணாடி எண் எவ்வளவு மாறுகிறது என்பவையும் சேர்ந்ததுதான் பார்வை. மூன்றாவது, அதே கண்ணில் இன்னொரு அறுவை வருமா என்பது. சில வழிகளில் அது வரலாம். சில வழிகளில் வந்தே தீரும். நான்காவது, அறுவைக்குப் பிந்திய வாரங்களில் உடம்பு படும் பாடு: குப்புறக் கிடப்பது, பயணத் தடை, வேலைத் தடை. ஐந்தாவது, மதிப்பீட்டுச் சீட்டில் எழுதாத செலவு. கூடவே இருப்பவரின் கூலி இழப்பு, சொட்டு மருந்து, மாற்ற வேண்டிய கண்ணாடி, பின்னால் வரும் புரை அறுவை எல்லாம் இதில் அடங்கும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கிழிசல் எங்கே இருக்கிறது, எத்தனை கிழிசல், படலம் சுருங்கியிருக்கிறதா, கண்ணில் சொந்த லென்ஸ் இருக்கிறதா என்பவையே பாதி முடிவை எடுத்துவிடுகின்றன. நோயாளிக்குத் தேர்வு இருப்பது, இரண்டு வழிகள் மருத்துவ ரீதியாகச் சமமாக நிற்கும் கண்களில் மட்டும்தான். ஆனால் அப்படிப்பட்ட கண்கள் குறைவல்ல. அந்த இடத்தில் உங்கள் வேலை என்ன, எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. கேட்கவில்லையென்றாலும் நாமே சொல்ல வேண்டும்.

ஊசி வழியே வாயு

படலம் பிரியாமல் கிழிசல் மட்டும் இருக்கும் நிலையில் கண்டுபிடித்துவிட்டால், லேசர் ஒன்றே போதும். கால் மணி நேர வேலை. பிரிவு தொடங்கிவிட்டாலும் அது சிறிதாகவும், கிழிசல் கண்ணின் மேல்பகுதியிலும் இருந்தால், கண்ணுக்குள் ஒரு சிறு வாயுக் குமிழை ஊசியால் செலுத்தி, அது கிழிசலின் மீது போய் அமரும்படி தலையைச் சாய்த்து வைத்து ஒட்டவைக்கலாம். 1986 முதல் பழக்கத்தில் உள்ள முறை இது. அறுவை அரங்கு வேண்டாம். செலவு மிகக் குறைவு.

கனடாவின் டொராண்டோவில் நடந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த ஊசி முறையில் நூற்றுக்கு 81 பேருக்கும், கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுத்துவிட்டு ஒட்டவைக்கும் விட்ரெக்டமி என்ற அறுவையில் 93 பேருக்கும் முதல் தடவையிலேயே படலம் ஒட்டியது. ஆனால் ஓராண்டு முடிவில் ஊசி முறைக்காரர்களின் பார்வை சற்றுக் கூடுதலாகவும், கோடுகள் வளைந்து தெரிவது குறைவாகவும் இருந்தன. ஒட்டுவதும் தெரிவதும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மறைந்திருக்கும் விலை என்னவென்றால், முதல் வாரத்தில் அடிக்கடி வந்து காட்ட வேண்டும்; புதுக் கிழிசல் தோன்றலாம்; ஐந்தில் ஒருவர் மறுபடி அரங்குக்குப் போக நேரும். பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ இருப்பவருக்கு இது பொருந்தும். தனியாக வசிக்கும், பேருந்து மாறி வர வேண்டிய ஒரு முதியவருக்கு, சொன்னபடி தலையை வைத்திருக்கவும் சொன்ன நாளில் வரவும் ஆளில்லை என்றால், மலிவான இந்த வழி கடைசியில் கூடுதல் செலவில் கொண்டுபோய் விடும்.

பெல்ட்

கண்ணின் வெளிச்சுவரைச் சுற்றி, தசைகளுக்கு அடியில், சிலிக்கான் பட்டையைத் தைத்து, சுவரை உள்நோக்கி அமுக்கிப் படலத்தைத் தொடவைப்பது இந்த முறை. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் 1949-இல் தொடங்கியது. அறுபது வயதைத் தாண்டிய மருத்துவர்களின் கை இதில்தான் பழகியது; இளைய மருத்துவர்கள் விட்ரெக்டமியையே அதிகம் நாடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

இதன் பெரிய வரவு, சொந்த லென்ஸ் தெளிவாகவே இருந்துவிடும் வாய்ப்பு. ஐரோப்பாவில் நடந்து 2007-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில், சொந்த லென்ஸ் உள்ள கண்களில் பெல்ட் கட்டியவர்களின் பார்வை விட்ரெக்டமி செய்தவர்களைவிட மேலாக இருந்தது. புரை வளர்வதும் குறைவாக இருந்தது. புரை அறுவை ஏற்கெனவே செய்த கண்களில், ஒட்டும் கணக்கில் விட்ரெக்டமி முந்தியது. ஆகவே இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கும், பந்து பட்டோ கம்பு பட்டோ கீழ்ப்பகுதியில் கிழிந்த கண்ணுக்கும் பெல்ட்டை மருத்துவர் சொன்னால், பழைய முறை என்று எண்ணித் தயங்க வேண்டாம். வாயு வைக்காமல் முடிந்தால் குப்புறக் கிடக்கவும் தேவையில்லை, விமானத்துக்கும் தடையில்லை.

பற்றுக் கணக்கும் உண்டு. பட்டை கண்ணை இறுக்குவதால் கண் நீண்டு, கிட்டப்பார்வை இரண்டு, மூன்று எண் கூடிவிடும். ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ள கண்ணில்தான் விழித்திரைப் பிரிவும் அதிகம் வருகிறது என்பதால், கண்ணாடி மேலும் தடிக்கும். இரண்டு கண்ணுக்கும் இடையிலான வேற்றுமை பெரிதானால் கண்ணாடி போட்டாலும் தலை சுற்றும். தசைகளை விலக்கித் தைப்பதால் சிலருக்கு இரட்டைப் பார்வை வரும். பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். போகாமல் நிற்பவர்களுக்குப் பட்டகக் கண்ணாடியோ தசை அறுவையோ வேண்டியிருக்கும். படலத்தின் பின்னால் தேங்கிய நீர் மாக்குலாவின் அடியில் மாதக்கணக்கில் சொட்டாக நின்றுவிடுவதும் உண்டு. படலம் ஒட்டியும் ஏன் தெளியவில்லை என்று நோயாளி தவித்துப்போவார். பல ஆண்டு கழித்துப் பட்டை வெளியே துருத்தினாலோ சீழ் பிடித்தாலோ அதை எடுத்துவிட வேண்டும். முதல் வாரத்து வலியும் வீக்கமும் மற்ற வழிகளைவிடக் கூடுதல்.

விட்ரெக்டமியும் கேஸும்

ராபர்ட் மேக்மர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய விட்ரெக்டமியில், அரை மில்லிமீட்டர் அளவிலான மூன்று துளைகள் வழியே கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, படலத்தைப் படியவைத்து, லேசர் வைத்து, வாயுவால் நிரப்புகிறார்கள். எஸ்.எஃப்.6 என்னும் வாயு ஏறக்குறைய இரண்டு வாரத்திலும், சி3எஃப்8 என்னும் வாயு ஏறக்குறைய எட்டு வாரத்திலும் தானாகக் கரையும். அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டாம் என்பதுதான் எண்ணெயோடு ஒப்பிடும்போது இதன் பெரிய வரவு. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு முதல் தடவையிலேயே படலம் ஒட்டிவிடும்.

வாயு இருக்கும்வரை அந்தக் கண்ணில் கையசைவு தெரிந்தால் பெரிது. பிறகு மேலிருந்து ஒரு கோடு இறங்கத் தொடங்கும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தலையை ஆட்டினால் கோடு தளும்பும். சித்திரை, வைகாசியில் குளத்து நீர் நாளுக்கு நாள் படியிறங்குவதைப் போல அந்தக் கோடு இறங்கி, கடைசியில் ஒரு கரும் உருண்டையாகி அடியில் உருண்டு மறையும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மறுபடி பிரிந்துவிட்டது என்று பயந்து நள்ளிரவில் ஓடி வருவார்கள். உண்மையிலேயே மறுபிரிவு என்றால் கோடு இப்படிச் சமமட்டமாகத் தளும்பாது. ஓரத்திலிருந்து ஒரு நிழல் வளர்ந்து நின்றுவிடும். எதுவென்று ஐயமிருந்தால் ஓடி வருவதே சரி.

குப்புறக் கிடப்பதுதான் எல்லோரும் அஞ்சுவது. வாயு மேலே மிதக்கும். கண்ணின் பின்சுவரில் அது அழுத்த வேண்டுமானால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் என்று சில நாட்களுக்கோ ஒரு வாரத்துக்கோ சொல்வார்கள். கிழிசலின் இடத்தைப் பொறுத்து ஒருக்களித்துப் படுப்பதே போதும் என்றும் சொல்லலாம். ஆகவே எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அவர் மகன் செய்த ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. வீட்டிலிருந்த பழைய நார்க்கட்டிலின் தலைமாட்டில் நான்கைந்து கயிறுகளை மட்டும் தளர்த்தி, முகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதைச் சுற்றித் துணியைத் திரித்துக் கட்டியிருந்தார். கீழே தரையில் வானொலிப் பெட்டி. "நெத்தி மட்டும் தழும்பிப் போச்சு, மத்தபடி சொகந்தான்" என்றார் பெரியவர். கழுத்துத் தேய்மானமோ மூச்சுத் திணறலோ தொப்பை வயிறோ உள்ளவர்கள் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முடியாத ஒன்றை முடியும் என்று தலையாட்டிவிட்டு வீட்டில் மல்லாந்து படுத்தால், வாயு லென்ஸைத் தொட்டுக்கொண்டு கிடந்து புரையை விரைவுபடுத்தும். கண் அழுத்தமும் ஏறலாம்.

புரையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவரின் சொந்த லென்ஸ், விட்ரெக்டமிக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் புரையாகிவிடும். அதைத் தவறாகச் செய்த அறுவையின் விளைவு என்று எண்ணிச் சண்டைக்கு வந்தவர்கள் பலர். அது இந்த வழியின் விலையிலேயே சேர்ந்தது. புரை அறுவைச் செலவையும் முதலிலேயே கூட்டிக் கணக்குப் போட வேண்டும். புரை அறுவை முன்பே முடிந்த முதியவருக்கு இந்தப் பற்று இல்லவே இல்லை. அதனால்தான் அவர்களுக்கு விட்ரெக்டமி பொருத்தமாகிறது.

எல்லாவற்றிலும் கொடிய சிக்கல் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கண்ணுக்குள் அடைபட்ட வாயு விரியும். அழுத்தம் ஏறி விழித்திரைக்குப் போகும் இரத்த ஓட்டமே நின்று, ஒட்டிய கண் நிரந்தரமாகப் போய்விடலாம். பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய உதகையின் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போவது கூடாது என்று தெரிந்துகொண்டவர், கொடைக்கானலுக்குக் காரில் போவதும் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாஞ்சோலைக்கும் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. "ஏரோப்ளேன்தான கூடாதுன்னாவ" என்று மலையேறப் பார்த்தவரை நான் தடுத்திருக்கிறேன். வேறு ஏதாவது அவசர அறுவைக்கு மயக்க மருந்து தரும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தாலும் குமிழ் இதே போல விரியும். கையில் கட்டி அனுப்பும் பட்டையில் அது எழுதியிருப்பது அதற்காகத்தான்.

விட்ரெக்டமியும் எண்ணெயும்

1960-களின் தொடக்கத்தில் பால் சீபிஸ் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சிலிக்கான் எண்ணெய், படலம் சுருங்கி மடிந்த கடினமான கண்களுக்கும், பெரிய கிழிசல்களுக்கும், ஏற்கெனவே ஓர் அறுவை தோற்ற கண்களுக்கும் உரியது. கடினமான கண்களுக்கே அதிகம் வைக்கப்படுவதால், எண்ணெய் விட்டவர்களின் பார்வை மோசம் என்று கேள்விப்படுவதில் பாதிப் பழி கண்ணின் நிலைக்குச் சேர வேண்டியது. அமெரிக்காவில் நடந்த சிலிக்கான் ஆய்வு, சுருங்கிய படலங்களில் எஸ்.எஃப்.6 வாயுவைவிட எண்ணெய் மேல் என்றும், நீண்ட நாள் நிற்கும் சி3எஃப்8 வாயுவும் எண்ணெயும் ஏறக்குறையச் சமம் என்றும் கண்டது. சமமாக நிற்கும் அந்த இடத்தில்தான் நோயாளியின் வாழ்க்கை தராசில் ஏறுகிறது.

எண்ணெயின் வரவுகள் மூன்று. மறுநாளே அதன் ஊடாக மங்கலாகவேனும் பார்க்கலாம். ஆகவே மறு கண் முன்பே போய்விட்டவருக்கு, வாயு வைத்து எட்டு வாரம் முழுக் குருடாக்குவதைவிட எண்ணெய் கருணையானது. குப்புறக் கிடக்க முடியாத குழந்தைக்கும், மறதி நோய் உள்ள முதியவருக்கும் எண்ணெய் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். விமானம் ஏறலாம்.

இந்த மூன்றாவது வரவுதான் இந்தச் சீமையில் பலரை எண்ணெயின் பக்கம் இழுக்கிறது. கடையநல்லூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்த இடத்தில் படலம் பிரிந்து, என் முன்னால் பயணச்சீட்டை மேசைமேல் வைத்தார். "அக்கா, பதினெட்டாம் தேதி ரிட்டர்ன் டிக்கெட். கேஸ் போட்டா ஏற முடியாதுங்காவ. எண்ணெயே விடச் சொல்லுங்க, நான் போயிருவேன்." அவருக்கு இருந்தது மேற்பகுதியில் ஒரே கிழிசல். குறுகிய கால வாயுவோ பெல்ட்டோ போதும் என்பது மருத்துவர் கருத்து. நான் ஒரு தாளில் இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டினேன். வாயு என்றால் பயணம் சில வாரம் தள்ளிப்போகும், சம்பளம் போகும், அவ்வளவுதான். எண்ணெய் என்றால் பதினெட்டாம் தேதி போகலாம். ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அதை எடுக்க மறுபடி விடுப்பு வாங்கி வர வேண்டும், மறுபடி ஒரு பயணச்சீட்டு, மறுபடி ஓர் அறுவைச் செலவு, அதற்கிடையே கண் அழுத்தம் பார்க்க அந்த நாட்டில் மருத்துவர். அவர் யோசித்துவிட்டு முதலாளிக்குத் தொலைபேசி போட்டார். வாயுதான் வைத்துக்கொண்டார்.

நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம், அதற்கு முன்பு பார்த்த இன்னொருவர். எண்ணெயை விட்டுக்கொண்டு போனவர், பார்வை ஓரளவு இருந்ததால் எடுக்க வேண்டியதை ஒத்திப்போட்டு, மூன்று ஆண்டு கழித்துத் திரும்பினார். எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து கண்ணின் முன்னறையில் மேல்விளிம்போடு வெள்ளைக் கோடாய் மிதந்தது. வடிகால் அடைத்து அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு வெளுத்துவிட்டிருந்தது. விழித்திரை மட்டும் அழகாக ஒட்டியிருந்தது.

எண்ணெய்க் கண்ணின் சிக்கல்கள் இவை: அழுத்தம் ஏறுவது, புரை அநேகமாக நிச்சயம், கருவிழியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் சுண்ணாம்புப் பட்டை படிவது. எடுத்த பிறகு படலம் மறுபடி பிரிவதும் உண்டு. அரிதாக, எல்லாம் சரியாக இருந்தும் எண்ணெய் உள்ளே இருக்கும்போதோ எடுத்த பிறகோ காரணம் புலப்படாமல் நடுப்பார்வை இறங்கிவிடுகிறது. இதற்கு இன்றும் தெளிவான விளக்கம் இல்லை. எடுக்காமல் விடுவதே நல்லது என்று மருத்துவர் முடிவு செய்யும் கண்களும் உண்டு. அது யோசித்துத் தெரிந்தே செய்யும் முடிவு, மறந்துபோவது அல்ல.

இன்னொன்று, கண்ணாடி. சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் எண்ணெய் இருக்கும்வரை ஐந்து, ஆறு எண் அளவுக்குத் தூரப்பார்வை பக்கம் தள்ளும். எண்ணெயை எடுத்ததும் அது மாறிவிடும். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவர், மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையின் நுனியை மடிக்கப் போனால் விரலுக்கும் இலைக்கும் இடையே தூரம் தெரியவில்லை என்றார். மறு கண் நன்றாக இருந்தது. ஆனாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழம் போய்விட்டது. ஒரு நாளைக்குச் சுற்றும் பீடி பாதியாகக் குறைந்தது. அந்த ஆறு மாத இழப்பு எந்த மதிப்பீட்டுச் சீட்டிலும் வராது.

எந்த வழியானாலும் வரக்கூடியவை

முதல் சில நாளில் வலி கூடி, கண் சிவந்து, பார்வை சட்டென்று இறங்கினால் உள்தொற்றாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் மணிக்கணக்கு முக்கியம். அறுவை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் படலத்தின்மேல் தழும்புத் திசு வளர்ந்து சுருட்டி இழுப்பதுதான் அறுவைகள் தோற்பதற்குத் தலையாய காரணம்; நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது நேர்கிறது. நாள்பட்டுப் போன பிரிவில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். மாக்குலாவில் சவ்வு படர்வதும், நீர் கோத்துக்கொள்வதும், கோடுகள் வளைந்து தெரிவதும் எந்த வழியிலும் உண்டு. மாக்குலா பிரிந்து ஒட்டிய கண்ணில் பார்வை ஓராண்டு வரைகூட மெல்ல மெல்லத் தெளியும். மூன்றாம் மாதமே கை கழுவிவிட வேண்டாம்.

| | ஊசி வாயு | பெல்ட் | விட்ரெக்டமி, கேஸ் | விட்ரெக்டமி, எண்ணெய் |
|---|---|---|---|---|
| பொருந்தும் கண் | மேற்பகுதிச் சிறு கிழிசல் | இளவயது, சொந்த லென்ஸ் | புரை அறுவை முடிந்த கண், பல கிழிசல் | சுருங்கிய படலம், ஒற்றைக் கண், மறு அறுவை |
| உடனடிப் பார்வை | குமிழ் குறுக்கிடும் | வீக்கம், பின்பு மெல்லத் தெளிவு | 2 முதல் 8 வாரம் மறைப்பு | மறுநாளே மங்கலாக |
| கண்ணாடி எண் | பெரிதாக மாறாது | கிட்டப்பார்வை கூடும் | புரை வந்தால் மாறும் | எடுக்கும்வரை தூரப்பார்வை |
| விமானம், மலை | கரையும்வரை கூடாது | வாயு வைக்காவிட்டால் தடையில்லை | கரையும்வரை கூடாது | தடையில்லை |
| அடுத்த அறுவை | ஐந்தில் ஒருவருக்கு | குறைவு | பெரும்பாலும் புரை | எண்ணெய் எடுப்பது, புரை |

மேசைக்கு முன்னால் கேட்க வேண்டியவை

மாக்குலா ஒட்டியிருக்கிறதா, பிரிந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு அவசரம், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற இரண்டுக்கும் விடை அதில் இருக்கிறது. என் கண்ணுக்கு வேறு எந்த வழி இயலும், அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வாயு என்றால் எது, எந்தத் தேதி வரை என்றும், எண்ணெய் என்றால் எந்த மாதத்தில் எடுப்பது என்றும் எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எண்ணெயை எடுக்கும் அறுவைக்கும் பின்னால் வரும் புரை அறுவைக்கும் தனித்தனியே ஒப்புதல் வேண்டுமா என்று முதல் நாளே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது. குற்றாலச் சீசனில் அறுவை செய்துகொண்டவர்கள் அருவிக் குளியலையும், மற்றவர்கள் தாமிரபரணியில் முங்குவதையும் எத்தனை வாரம் தள்ளிவைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்க வெட்கப்பட்டு, போய்க் குளித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

எழுந்திருக்கும் முன், மறு கண்ணிலும் கண்பாவையை விரித்துப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஒரு கண்ணில் படலம் பிரிந்தவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு மறு கண்ணிலும் பிரிகிறது. அங்கே ஒரு கிழிசல் இருந்தால் அன்றே லேசர் வைத்துவிடலாம். இந்தக் கட்டுரையில் உள்ள எந்தத் தேர்வும் அந்தக் கண்ணுக்கு வேண்டியிராது.